ஸ்மோக்கர் நெருப்புப் பெட்டியில் துரு: பெயின்ட் அடிப்பதா, எண்ணெய் பூசுவதா?

கேள்வி

இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் இரும்பு அடுப்பு (ஸ்மோக்கர்), பக்கவாட்டில் தனி நெருப்புப் பெட்டி உள்ளது, சுமார் 2 மி.மீ. தகடு, வாங்கி இரண்டு வருடம். பெட்டியின் மேல்பக்கம் பெயின்ட் வெளுத்து, உரிந்து, செந்துரு பிடித்துவிட்டது. உள்ளே அடித்தகட்டில் துரு அடுக்கடுக்காகப் பெயர்கிறது. இறைச்சி வைக்கும் அறையின் மூடிக்கு உள்பக்கம் கறுப்பாகச் செதில் செதிலாக உதிர்கிறது, அதுவும் பெயின்ட்தானா? மழையில் நனைய விட்டதில்லை, எப்போதும் உறை போட்டே இருக்கும். பிறகு எப்படித் துரு வருகிறது? உள்ளும் புறமும் பெயின்ட் அடித்தால் தீருமா?

பதில் 1

பெயின்ட் டப்பாவை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். மூன்று இடத்திலும் மூன்று வேறு சிக்கல், மருந்தும் வேறு.

முதலில் அடித்தகடு, ஏனென்றால் ஸ்மோக்கர் ஓட்டை விழுவது அங்கேதான். காரணம் மழை இல்லை, சாம்பல். மரச் சாம்பலில் பொட்டாசியம் உப்புகள் நிறைய, குளோரைடும் கொஞ்சம் இருக்கும். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து, நனைந்த துணி மாதிரித் தகட்டோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். உறைக்கு உள்ளேயே இரும்பு அரிப்பது இதனால்தான். ஆறியதும், அதிகம் போனால் மறுநாளைக்குள், சாம்பலை முழுக்க வாரிவிடுங்கள். மூலையிலும் வெல்டிங் ஓரத்திலும் தங்குவதைச் சின்ன பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். கையில் சூடு தெரியாவிட்டாலும் உள்ளே கங்கு இருக்கலாம், மூடியுள்ள உலோக வாளியிலேயே கொட்டுங்கள்.

இன்னொன்று, கங்கு நேரே தகட்டின் மேல் கிடக்கிறதா? சுமார் 570 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சாதாரண இரும்பு மிக வேகமாகச் செதில் கட்டும். அது ஈரத்தால் வரும் துரு இல்லை, சூட்டில் வெந்து உரிவது. கம்பித் தட்டைத் தரையிலிருந்து 7, 8 செ.மீ. உயர்த்தினால் சாம்பல் கீழே விழும், காற்றும் ஓடும், தகடும் தப்பும்.

உறையைப் பற்றி: சூடு முழுக்க ஆறுவதற்குள் போட்டால் ஈரம் உள்ளேயே வியர்த்து நிற்கும். உறை தரையைத் தொட்டாலும் மண்ணின் ஈரம் மேலேறும். அடியில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

பதில் 2

மூடியில் உதிர்வது அநேகமாகப் பெயின்ட் இல்லை. பெரும்பாலான ஸ்மோக்கர்களில் உள்பக்கம் பெயின்ட் அடிப்பதே கிடையாது. கொழுப்பும் புகையும் சேர்ந்து காய்ந்த கரிப் படலம் அது. தடித்துப்போனால் இறைச்சி மேல் விழும், அதனால் பிளாஸ்டிக் சுரண்டியால் தளர்ந்ததை மட்டும் எடுங்கள். அடியில் பளபளவென்று ஒட்டியிருக்கும் மெல்லிய படலம்தான் இரும்புக்குக் காவல். பிரஷர் வாஷர் வைத்துக் கழுவுகிறவர்கள் அந்தக் காவலைத் தாங்களே கழற்றி எறிகிறார்கள்.

வெறும் இரும்பு தெரியும் இடத்தை இரும்புச் சட்டி பழக்குவது போலப் பழக்க வேண்டும். சோயா, சூரியகாந்தி மாதிரிச் சாதாரண சமையல் எண்ணெயை மிக மெல்லிதாகப் பூசி, பூசியதையும் துடைத்துவிட்டு, 130 டிகிரி அளவில் இரண்டு மூன்று மணி நேரம் நெருப்பு வையுங்கள். தடிமனாகப் பூசினால் காயாமல் பிசுபிசுக்கும், பிறகு அதுவே உரியும்.

உள்ளே பெயின்ட் வேண்டாம். நெருப்புப் பெட்டிக்கு உள்ளே எந்தப் பூச்சும் நிற்காது, எண்ணெயும் எரிந்துபோகும். அங்கே சாம்பலை வாருவது ஒன்றே வழி.

பதில் 3

வெளிப்பக்கத்துக்கு: டப்பாவில் ‘ஹை ஹீட்’ என்ற எழுத்தை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். 250, 300 டிகிரி தாங்குவது இறைச்சி அறைக்குப் போதும். நெருப்புப் பெட்டிக்கு 650 டிகிரி தாங்குவது வேண்டும்.

வயர் பிரஷ்ஷால் துருவை எடுத்து, 80 எண் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். சாதாரண பிரைமர் கூடாது, அது அடியில் கருகி மேல் பெயின்ட்டையும் சேர்த்து உரித்துவிடும். மெல்லிய பூச்சாக இரண்டு அல்லது மூன்று. அதோடு முடியவில்லை, பெயின்ட்டைச் சூட்டில் பதப்படுத்த வேண்டும்: சின்ன நெருப்பு, ஆறவிடு, கொஞ்சம் பெரிய நெருப்பு, ஆறவிடு என்று படிப்படியாக. எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்பது டப்பாவிலேயே இருக்கும். முதல் நாளே கொழுந்துவிட்டு எரியவிட்டால் கொப்புளிக்கும். இந்தப் பதப்படுத்தல் முடியும்வரை உள்ளே இறைச்சி வைக்காதீர்கள்.

பதில் 2

நெருப்புப் பெட்டியின் மேல்தகட்டில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 2 மி.மீ. தகட்டில் நெருப்புக்கு நேர் மேலே 650 டிகிரி பெயின்ட்டும் ஒரு பருவம் தாண்டுவது அரிது. ஒவ்வொரு முறையும் லேசான சூட்டில் துணியால் எண்ணெய் துடைப்பது சுலபம். ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: எண்ணெய் பூசிய இடத்தில் பிறகு பெயின்ட் ஒட்டாது. ஆளிவிதை எண்ணெய் என்றால் கவனம், துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவையுங்கள்.

கேட்டவர்

நன்றி. பெட்டிக்குள் ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவைக் கெட்டியான படலமாக மாற்றும் ரசாயனம்) அடிக்கலாமா? இறைச்சி வைக்கும் கம்பிகளிலும் லேசான துரு இருக்கிறது.

பதில் 1

கன்வெர்ட்டர் கால், சக்கரத் தண்டு, அடித் தாங்கிக்குச் சரி. நெருப்பு படும் இடத்திலும் உணவு இருக்கும் பக்கத்திலும் வேண்டாம்.

கம்பிகளை, முலாம் இல்லாத வெறும் இரும்பாக இருந்தால், வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து சில மணி நேரம் ஊறவையுங்கள். இரவு முழுக்க விட்டால் நல்ல இரும்பையும் தின்னும். தேய்த்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே நெருப்பில் காயவைத்து எண்ணெய் பூசுங்கள். ஈரத்தோடு பத்து நிமிடம் வைத்தாலே புதுத் துரு மஞ்சளாகப் பூக்கும். வயர் பிரஷ் முள் ஒன்றும் கம்பியில் தங்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள், வயிற்றுக்குள் போனால் ஆபத்து.

பதில் 3

கழற்றும்போதே கீலையும் டேம்பரையும் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) பாருங்கள். இறுகினால் தெளிக்கும் எண்ணெய் வேண்டாம், தீப்பிடிக்கும், தூசியும் ஒட்டும். கிராஃபைட் தூள் போடுங்கள். மாற்றும் போல்ட் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும். துத்தநாக முலாம் பூசியது நெருப்புப் பக்கம் கூடாது, சூட்டில் துத்தநாகப் புகை வரும். நெருப்பை அணைக்கச் சுடும் தகட்டில் தண்ணீர் ஊற்றினால் தகடு நெளியும், வெல்டிங் விரிசல் விடும். காற்று வழியையும் புகைபோக்கியையும் மூடினாலே அணைந்துவிடும்.

பதில் 1

பெயின்ட் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. அடித்தகட்டின் செதிலைச் சுரண்டிவிட்டுச் சுத்தியல் காம்பால் தட்டுங்கள், ஸ்குரூ டிரைவர் முனையால் குத்துங்கள். மணி மாதிரிக் கேட்டால் தகடு நல்ல நிலை. சொத்தென்று கேட்டாலோ முனை உள்ளே இறங்கினாலோ பூச்சுக்குச் செலவழிக்காதீர்கள்: 4 அல்லது 5 மி.மீ. தகடு வெட்டி அடியில் பற்றவைக்கச் சொல்லுங்கள்.