பக்கத்து ஆஸ்பத்திரி ஈடியூ இரவில் பூட்டு: வெள்ளவத்தையில் இருந்து எங்கே கொண்டுபோவது?

நாலாம்மாடி:
நாங்கள் வழக்கமாகப் போகிற சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் ஈடியூவை (அவசர சிகிச்சைப் பிரிவு) இரவு எட்டு மணிக்கே பூட்டத் தொடங்கிவிட்டார்கள். வாசலில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: டொக்டர் இல்லை, பெரிய வைத்தியசாலைக்குச் செல்லவும். அவ்வளவுதான். அப்பாவுக்கு 74 வயது, சீனி வருத்தமும் பிரஷரும். அம்மாவுக்குத் தொய்வு (ஆஸ்துமா). வீடு நாலாம் மாடி. இரவு ஒரு மணிக்கு ஏதும் நடந்தால் களுபோவில அரச ஆஸ்பத்திரியா, பெரியாஸ்பத்திரியா (கொழும்பு தேசிய வைத்தியசாலை), வேறு தனியாரா? ஏன் இப்படிப் பூட்டுகிறார்கள், திரும்பத் திறப்பார்களா என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

இரவுரோஸ்டர்:
பூட்டுகிற கணக்கு சின்னது. கிழமைக்கு 168 மணித்தியாலம். ஒரு டொக்டர் 40 மணித்தியாலம் செய்தால், ஈடியூவில் ஒரே ஒரு கதிரையை எந்நேரமும் நிரப்ப நாலுக்கு மேல் ஆள் வேண்டும். லீவு, சுகவீனம், பரீட்சை என்று பார்த்தால் ஐந்தாறு பேர். ஒரு முறைக்குத் தாதிமார் இரண்டு பேர் என்றால் பத்துப் பன்னிரண்டு பேர். 2022 பொருளாதார நெருக்கடியோடு டொக்டர்மாரும் மிஸ்மாரும் (தாதிமார்) வெளிநாடு போகப் போக, சின்ன இடங்கள் இந்தக் கணக்கில்தான் விழுகின்றன. ஆறு பேரில் இரண்டு பேர் போனால் மிச்சப் பேர் ஓவர்டைம் செய்து கொஞ்ச நாள் இழுப்பார்கள். மூன்றாவது ஆளும் போனால் முதலில் வெட்டுப்படுவது இரவு, ஏனென்றால் வருகிற நோயாளி குறைவு, சம்பளச் செலவு அப்படியே. திரும்ப ஆள் எடுத்தால் திறப்பார்கள். 'தற்காலிகம்' என்று எழுதியிருந்தாலும் அதை நம்பி இருக்க வேண்டாம்.

ஆனால் அந்த ஈடியூ திறந்திருந்த காலத்தில் இரவில் அங்கே என்ன இருந்தது? ஈசிஜி எடுத்திருப்பார்கள். லாப்பில் ஆள் இருந்தாரா, சிடி ஸ்கான் இருந்ததா, மயக்க மருந்து டொக்டர் இருந்தாரா? இவை இல்லாத இடம் மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் வெறும் தரிப்பிடம். பதிவு, பரிசோதனை, கடிதம், அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கோல், அம்புலன்ஸ், கூடப் போக ஒரு மிஸ். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள், ஒரு மணித்தியாலம் அங்கேயே கரைந்துவிடும். பெரிய மாரடைப்போடு வந்தவரை 30 நிமிடத்துக்குள் அடுத்த இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதுதான் சர்வதேச வழிகாட்டிகள் சொல்கிற இலக்கு.

பொரளைப்பக்கம்:
இடத்தை வருத்தத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் 1990, அரச அம்புலன்ஸ் இலக்கம். காசில்லை, தமிழிலும் பேசலாம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இப்போது நாடு முழுக்க ஓடுகிறது. வண்டியில் பயிற்சி பெற்ற உதவியாளரும் ஒட்சிசனும் இருக்கும். கொண்டுபோவது அரச ஆஸ்பத்திரிக்குத்தான், தனியாருக்குப் போகச் சொல்லி மல்லுக்கட்ட வேண்டாம். வெள்ளவத்தையில் இருந்து களுபோவில கிட்ட, பெரியாஸ்பத்திரி கிட்டத்தட்ட இரட்டைத் தூரம். இரவு ஒரு மணிக்கு காலி வீதி வெறிச்சோடிக் கிடக்கும், அந்த வித்தியாசம் சில நிமிடம்தான். மாலை ஆறு மணிக்கு அதே தூரம் வேறு கதை.

நெஞ்சு இறுக்கம், வியர்வை, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் நோ: வந்து 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்கிற இடம் வேண்டும். இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி களுபோவிலவிலேயே போடலாம். அப்பாவுக்கு முன்பு ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்கிற அந்த வகை ஊசி போட்டிருந்தால் அதையே திரும்பப் போடக் கூடாது, உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாகியிருக்கும். அதனால் பழைய டயக்னோசிஸ் கார்ட் (ஆஸ்பத்திரியில் இருந்து விடும்போது தருகிற நோய் விபர அட்டை) கிளினிக் கொப்பியோடேயே இருக்கட்டும். அலுமாரிக்குள் வேண்டாம்.

முகம் ஒரு பக்கம் இழுத்தால், கை தூக்க முடியாமல் போனால், பேச்சுக் குழறினால்: சிடி இல்லாத இடத்துக்குப் போகவே வேண்டாம். கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு 4.5 மணித்தியாலம்தான் நேரம். அந்த மணிக்கூடு கடைசியாக அவர் நல்லாக இருந்ததைப் பார்த்த நேரத்தில் இருந்து ஓடும், நீங்கள் கண்ட நேரத்தில் இருந்து அல்ல. இரவு பத்துக்கு நல்லாகப் படுத்தவர் ஐந்து மணிக்கு வாய் கோணி எழும்பினால், டொக்டரிடம் சொல்ல வேண்டியது பத்து மணி. சிடி எடுக்கும் முன் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது, மூளைக்குள் இரத்தக் கசிவாகவும் இருக்கலாம்.

விழுந்து எலும்பு முறிவு, தலையில் அடி என்றால் பெரியாஸ்பத்திரி விபத்துச் சேவை. பிள்ளைகள் என்றால் பொரளை லேடி ரிட்ஜ்வே. கர்ப்பிணிகள் கிளினிக் பதிந்த இடத்துக்கே போவது நல்லது, காசல் வீதி மகப்பேற்று ஆஸ்பத்திரியோ டி சொய்சாவோ.

கண்ணுக்கும் ஒரு சொல்: வெற்றிலைச் சுண்ணாம்புப் பைக்கற்றைப் பிள்ளை அமுக்கி அது கண்ணில் பீச்சி அடித்தால் ஓட்டோ தேடி ஓடாதீர்கள். பைப் தண்ணீரில் இமையை விரித்துப் பிடித்து 20, 30 நிமிடம் கழுவி, இமை மடிப்பில் ஒட்டின கட்டியை ஈரத் துணி நுனியால் எடுத்துவிட்டு, அதன் பிறகு கண் வைத்தியசாலை. கழுவாமல் கொண்டுபோனால் சுண்ணாம்பு வழி முழுக்கக் கண்ணை அரித்துக்கொண்டே வரும்.

கிட்டத்துக்கதவு:
மேலே சொன்னதோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். 'பெரிய இடத்துக்கே நேராகப் போ' என்பது மூச்சு விஷயத்தில் பிழை. 2007இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஆய்வில், ஆஸ்பத்திரி 10 கிலோமீற்றர் தூரம் கூடினால் உயிராபத்தான நோயாளிகளின் இறப்பு ஏறத்தாழ ஒரு சதவீதப் புள்ளி கூடியது, மூச்சுத் திணறலில் வந்தவர்களுக்கு அது இன்னும் கூட. அதே நாட்டில் 2009 முதல் 2011 வரை ஐந்து அவசர பிரிவுகளை மூடிய இடங்களைப் பற்றி ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இறப்பு கூடியதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. அம்புலன்ஸ் பயணம்தான் சராசரியாக நாலு நிமிடம் நீண்டது. ஆனால் அங்கே அம்புலன்ஸில் கூடுதல் பயிற்சி பெற்ற பாராமெடிக் இருக்கிறார், அதை அப்படியே கொழும்புக்கு ஒட்டக் கூடாது.

ஆகவே அம்மாவின் தொய்வுக்கு வேறு விதி. ஒரு மூச்சில் ஒரு வசனம் சொல்லி முடிக்க முடியவில்லை, உதடு நீலம் என்றால் ஒட்சிசனும் நெபுலைசரும் இருக்கிற எந்தக் கதவானாலும் சரி, கிட்டடியில் இருப்பதுதான். அம்புலன்ஸ் வரும்வரை நீல இன்ஹேலரை ஸ்பேசரோடு (இன்ஹேலரில் மாட்டுகிற குழாய்) ஒவ்வொரு பஃப் ஆக, 30 முதல் 60 செக்கனுக்கு ஒன்று, பத்து வரை கொடுக்கலாம். உட்கார வைத்துக் கொடுங்கள், படுக்க வைக்காதீர்கள். பெனிசிலின், இறால், குளவி என்று ஒவ்வாமையில் தொண்டை அடைத்தாலும் இதே விதிதான், அட்ரினலின் ஊசி இருக்கிற கிட்டின இடம். பீறிடுகிற இரத்தமும் அப்படியே.

அப்பாவுக்கு: மயங்கிக் கிடந்தால் முதலில் குளுக்கோமீற்றரில் சீனி அளவு பாருங்கள். 70 mg/dLக்குக் கீழே, விழுங்க முடிகிறது என்றால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் திரும்பக் குத்திப் பாருங்கள். விழுங்க முடியாவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம். அவர் போடுகிற சீனி மாத்திரை கிளிக்லசைட் அல்லது கிளிபென்கிளமைட் என்றால், எழும்பிவிட்டார் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். அந்த மாத்திரை மணிக்கணக்கில் வேலை செய்யும், விடியப்புறம் திரும்பவும் இறங்கும்.

இரவுரோஸ்டர்:
தொய்வு விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். தனியாருக்குப் போகத்தான் வேண்டும் என்றால் புறப்படுமுன் கோல் எடுத்து மூன்றே கேள்வி: ஈடியூவில் இந்த நேரம் டொக்டர் நிற்கிறாரா, சிடி இப்போதே எடுக்கலாமா, ஐசியூவில் கட்டில் இருக்கிறதா. 'வாங்கோ பார்ப்போம்' என்று பதில் வந்தால் அரச ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்கள்.

நாலாம் மாடி என்றபடியால் இதையும் சொல்கிறேன். பழைய ஃப்ளட்களில் லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நீளமாகப் போகாது, கதிரையில் இருத்தித்தான் இறக்க வேண்டும். கைபிடி உள்ள பலமான பிளாஸ்டிக் கதிரை ஒன்றை இதற்கென்று வைத்திருங்கள், பிடிக்க இரண்டு பேர். கோல் எடுத்த கையோடு ஒருவர் கீழே இறங்கிக் காவலாளியை எழுப்பிக் கேற்றைத் திறக்கட்டும், இன்னொருவர் லிஃப்டை நிறுத்தி வைக்கட்டும், மூன்றாவது ஆள் லேன் முகப்பில் டோர்ச்சோடு நிற்கட்டும். லேன் இலக்கம் மட்டும் சொன்னால் டிரைவர் தடுமாறுவார், முகப்பில் இருக்கிற கோயில் அல்லது கடையின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டொக்டர்மார் பணிப்பகிஷ்கரிப்பு என்று கேள்விப்பட்டால் கிளினிக்கும் ஓபிடியும் (வெளிநோயாளர் பிரிவு) தான் நடக்காது. அவசர சிகிச்சையை வழமையாக விட்டுவைப்பார்கள், அன்றைக்கு என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

நாலாம்மாடி:
நன்றி, அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டப் போகிறேன். ஒரு சந்தேகம்: நெஞ்சு நோ என்றால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுக்கச் சொல்கிறார்கள். அப்பாவின் கிளினிக் மருந்தில் இருப்பது 75. காலையில் ஒன்று போட்டும் விடுகிறார்.

பொரளைப்பக்கம்:
75இல் நாலு. விழுங்கக் கூடாது, சப்பிப் பொடியாக்க வேண்டும், அப்போதுதான் சீக்கிரம் இரத்தத்தில் ஏறும். காலையில் ஒன்று போட்டிருந்தாலும் கொடுக்கலாம். கொடுத்த நேரத்தைக் கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் எழுதிவிடுங்கள், ஈடியூவில் முதல் கேட்பது அதைத்தான். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ, வயிற்றுப் புண்ணில் இரத்தம் போன சரித்திரமோ இருந்தால் கொடுக்க வேண்டாம். அம்மாவுக்குத் தொய்வு இருப்பதால் அவவுக்கு இதைக் கொடுக்கலாமா என்று அடுத்த கிளினிக்கில் கேட்டு வையுங்கள், சிலருக்கு ஆஸ்பிரின் தொய்வைக் கிளப்பும்.