புதுப்பிப்பு: துபாய்க் கணக்கு முடிந்தது

துபாய் வேலையை விட்டு வரும்போது தரும் ஏழு வருடப் பணிக்கொடையை (கிராஜுவிட்டி) மொத்தச் சம்பளத்தில் கணக்கிடுவார்களா, அடிப்படைச் சம்பளத்திலா என்று போன மாதம் கேட்டிருந்தேன். அடிப்படைதான். முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள், அதன்பின் 30 நாள். ஆக 165 நாள் சம்பளம். நிறுவனமோ எல்லா ஆண்டுக்கும் 21 போட்டு 147 என்று தாளை நீட்டியது. சட்டப் பிரிவைக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் திருத்தினார்கள். (தெரியாமல் செய்த பிழை என்று நான் நம்பவில்லை.) பணம் கணக்கில் ஏறிய பிறகே விசா ரத்துக்குக் கையெழுத்திட்டேன்.

பெட்டியில் பாதி, அம்மா கேட்ட பால் பவுடரும் கோடாரித் தைலமும். பெங்களூரில் இறங்கி, ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி பஸ். என்.ஆர்.இ. கணக்கை (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) உள்ளூர்க் கணக்காக மாற்றும் வேலை அடுத்த வாரம். அதற்கு முன், போச்சம்பள்ளித் தோட்டத்துப் பெங்களூரா ரக மாங்காயைக் கூழ் ஆலைக்கு ஏற்றும்போது லாரியருகே நானும் நிற்க வேண்டும்.