புது வீட்டு ஹாலில் பாட்டுக் கேட்க ஒற்றைப் பெட்டியா, தனித்தனி செட்டா?

மாந்தோப்பு

எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன், பூச்சு வேலை ஓடுகிறது. ஹால் 14க்கு 16 அடி. பாட்டுக்கு என்று ஒதுக்கியது எண்பதாயிரம், இழுத்துப் பிடித்தால் ஒரு லட்சம்.

போன வாரம் பெங்களூரில் ஒரு கடையில் நெட்டிலிருந்து பாட்டை எடுத்துப் பாடுகிற ஒற்றைப் பெட்டி ஸ்ட்ரீமிங் சிஸ்டம் கேட்டேன். சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப், டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏற்ற சிக்னலாக மாற்றுகிற டிஏசி, வைஃபை, ஸ்பீக்கர் எல்லாம் ஒரே பெட்டிக்குள். வெளியே தெரிவது ஒரு பவர் வயர் மட்டும். வீட்டில் அவங்களுக்கு உடனே பிடித்துவிட்டது. நானோ இரண்டு வருடமாக இந்த ஃபோரத்தில் நீங்கள் எழுதுவதை எல்லாம் படித்து, தனி ஆம்ப், தனி ஸ்பீக்கர் என்று கனவு கண்டவன். அப்பாவின் பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒரு ஜோடி காவேரிப்பட்டணம் வீட்டுப் பரணில் கிடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கேட்பது இளையராஜா, கொஞ்சம் கர்நாடக சங்கீதம், அம்மாவுக்கு விடியற்காலையில் சுப்ரபாதம். எது வாங்கலாம்?

ஓசூர்_வைஃபை

ஒற்றைப் பெட்டிதான், இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

2014ல் நேம் கம்பெனி மியூசோ கொண்டுவந்ததை நினைத்துப் பாருங்கள். தனித்தனிப் பெட்டி விற்றே பேர் வாங்கிய இங்கிலாந்துக் கம்பெனி அது. அவர்களே ஆறு ஸ்பீக்கர், ஒவ்வொன்றுக்கும் 75 வாட் ஆம்ப் என்று ஒரே பெட்டியில் அடைத்தார்கள். அப்புறம் கெஃப் என்கிற ஸ்பீக்கர் கம்பெனி, தன்னுடைய எல்எஸ்50 ஸ்பீக்கருக்குள்ளேயே ஆம்பையும் ஸ்ட்ரீமரையும் வைத்து ஜோடியாக விற்றது. ஒரு காலத்தில் இதை எல்லாம் பொம்மை என்று சிரித்தவர்களே இன்றைக்குக் கடை வாசலில் முதலில் அடுக்குவது இதைத்தான்.

காரணம் எளிது. எந்த ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப் பொருந்தும் என்கிற தலைவலி வாங்குபவருக்கு இல்லை, அதைக் கம்பெனியே அளந்து பார்த்து முடித்துவிடுகிறது. மெதுவாக வைத்தால் பாஸ் குறையாமல் பார்த்துக்கொள்ளும், சத்தம் கூட்டினால் ஸ்பீக்கர் கிழியாமல் பாஸைத் தானே அடக்கும். இந்த வேலையைச் செய்கிற டிஎஸ்பி சிப், தனித்தனியாக வாங்கிச் சேர்க்கும் சாதாரண செட்டில் கிடையாது.

சால்டரிங்_தாத்தா

தம்பி மாந்தோப்பு, அவசரப்படாதீங்க.

நான் 1986ல் தர்மபுரியில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவன். மேசைக்கு வருகிற பழைய ஆம்பில் என்ன போயிருக்கும் என்று மூடியைத் திறக்கும் முன்பே சொல்வேன். கண்டென்சர் உப்பியிருக்கும், இல்லாவிட்டால் வால்யூம் கண்ட்ரோல் கரகரக்கும், ரிலே ஒட்டாது. பெங்களூர் எஸ்பி ரோட்டில் நூறு இருநூறு ரூபாய்க்குச் சாமான் கிடைக்கும், சாயங்காலம் பாட்டு பாடும்.

இந்த ஒற்றைப் பெட்டி போன வருடம் ஒன்று வந்தது. ஸ்குரூ எங்கே இருக்கிறது என்று தேடவே அரைமணி நேரம். முன்பக்கத் துணியைப் பிடுங்கினால்தான் திறக்கிறது. உள்ளே ஒரே போர்டு, அரிசியில் பாதி அளவுக்குச் சாமான்கள். சர்வீஸ் சென்டரில் கேட்டால் போர்டையே மாற்றணும் என்றார்கள். போர்டு விலை புதுப்பெட்டி விலையில் பாதி. உள்ளே இருந்த ஸ்பீக்கர் எல்லாம் நன்றாகவே இருந்தன. அதுதான் வயிறு எரிந்தது.

ஓசூர்_வைஃபை

தாத்தா, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு ஊரே சீக்காளி என்று சொன்னால் எப்படி? ஓடிக்கொண்டிருக்கிற பெட்டி உங்கள் கடைக்கு வராது.

சால்டரிங்_தாத்தா

சரி, பழுதே ஆகாத பெட்டியைப் பேசுவோம். அதுவும் நின்றுபோகும்.

கூகுள் 2015ல் குரோம்காஸ்ட் ஆடியோ என்று ஒரு சின்ன வட்டம் விற்றது, பழைய செட்டில் செருகினால் நெட் பாட்டு பாடும், 2019ல் விற்பனையை நிறுத்தியது. வாங்கியவர்களிடம் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2025 மார்ச்சில் ஒருநாள் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் படுத்துக்கொண்டது. கம்பியும் அறவில்லை, கண்டென்சரும் வெடிக்கவில்லை. உள்ளே வைத்திருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழுக்குக் காலாவதி தேதி வந்துவிட்டது, அவ்வளவுதான். கூகுள் சில நாளில் சரிசெய்து கொடுத்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் சால்டரிங் அயர்ன் அங்கே என்ன செய்யும்?

அது சின்ன வட்டம், போனால் போகட்டும். அதற்குள் இருக்கிற மாதிரி சிப்பை ஒரு லட்ச ரூபாய் ஸ்பீக்கருக்குள் பூட்டி வைத்தால்?

பாலக்கோடு_டீச்சர்

நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். ஒற்றைப் பெட்டியை நாலு வருடமாக வீட்டில் வைத்துக் கேட்பவள் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் 2015ல் தனித்தனியாக செட் சேர்த்தார். ஆம்ப் ஒன்று, சிடி பிளேயர் ஒன்று, டிஏசி ஒன்று. ரிமோட் மூன்று. எதை முதலில் போடணும், எதைக் கடைசியில் அணைக்கணும் என்று ஒரு சாஸ்திரம். அவர் ஊரில் இல்லாத நாளில் அந்த மூலை பூஜை அறை மாதிரி, யாரும் கை வைக்க மாட்டோம். அருமையான செட், மறுக்கவில்லை. அதில் பாட்டுக் கேட்டவர் வீட்டில் ஒரே ஒருத்தர்.

அப்புறம் ஒற்றைப் பெட்டி வந்தது. என் மாமியாருக்கு 74 வயது. பெட்டி மேலே இருக்கிற முதல் பொத்தானை அமுக்குவார், வானொலி பாடும். பெண் தன் போனிலிருந்து எதையோ போடுவாள். நான் சமைக்கும்போது போடுவேன். பழுதானால், நின்றுபோனால் என்ன செய்வது என்று தாத்தா கேட்கிறார். பதினைந்து வருடம் உழைக்கிற செட்டில் தினமும் அரைமணி நேரம் ஒருத்தர் கேட்பதும், எட்டு வருடம் உழைக்கிற பெட்டியில் நாள் முழுக்க நாலு பேர் கேட்பதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

தொப்பூர்_மேடு

டீச்சர் சொன்னது வீட்டுக்கு வீடு உண்மை. என் ஆம்ப் மேல் இப்போது தையல் துணி மடித்து வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம்_ஸ்ருதி

பயன்பாடு எல்லாம் சரி, ஸ்டீரியோ எங்கே போச்சு?

ஒற்றைப் பெட்டியில் இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் நடுவில் மிஞ்சிப்போனால் ஒன்றரை அடி. பத்தடி தள்ளி சோபாவில் உட்கார்ந்தால் உங்கள் காதிலிருந்து பார்க்கிறபோது இரண்டுக்கும் இடையே ஒன்பது டிகிரிகூடத் தேறாது. ஸ்டீரியோ ஒழுங்காக விரியணும் என்றால் 60 டிகிரி, அதாவது இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணம். இளையராஜா பாட்டில் வயலின் கூட்டம் ஒரு பக்கம் எழும், புல்லாங்குழல் மறுபக்கம் பதில் சொல்லும், குரல் நடுவில் நிற்கும். ஒற்றைப் பெட்டியில் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் டவுன் பஸ் படிக்கட்டில் தொங்குகிற மாதிரி இருக்கும். மாந்தோப்பு கடையில் கேட்டது எந்தப் பாட்டு என்று தெரிந்தால் நல்லது. பெரும்பாலும் கடைக்காரர்கள் ஒரு பெண் குரல், ஒரு கிடார் மட்டும் வருகிற பாட்டாகப் போட்டுக் காட்டுவார்கள். அதில் எந்தப் பெட்டியும் தோற்காது.

மாந்தோப்பு

ஆமாம். பெண் குரலும் கிடாரும்தான்.

ஓசூர்_வைஃபை

ஒற்றைப் பெட்டி வேண்டாம் என்றால் ஜோடிப் பெட்டி வாங்கலாமே, நான் மேலே சொன்ன கெஃப் மாதிரி. ஆம்ப் உள்ளே, ஸ்ட்ரீமர் உள்ளே, ஆனால் இடம் வலம் தனித்தனி. ஸ்டீரியோ விரியும்.

இன்னொன்று. ஸ்பீக்கருக்குள் ஆம்ப் வைப்பதை ஏதோ நேற்று வந்த நாகரிகம் மாதிரி பேசுகிறீர்கள். பின்லாந்தின் ஜெனலெக் 1978லிருந்து அதைத்தான் செய்கிறது. ஒலிப்பதிவுக் கூடங்களில் பொறியாளர்கள் பாட்டைக் கலப்பது இந்த மாதிரி ஸ்பீக்கரில்தான். பாட்டைச் செய்கிறவருக்குப் போதும், கேட்கிற நமக்குப் போதாதா?

மைக்செட்_மாரி

தம்பி சொல்வது சரி. நான் பென்னாகரம் பக்கம் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். முன்னெல்லாம் கூத்துக்குப் போனால் ஆம்ப் பெட்டி தனியாக ஒரு ஆள் தூக்கணும். இப்போது பாதி பாக்ஸில் ஆம்ப் உள்ளேயே இருக்கிறது. விடிய விடிய ஓடும், சூடே ஆகாது, கரண்டை வீணாக்காத கிளாஸ் டி வகை ஆம்ப். பழைய ஆம்பில் கரண்டில் பாதி சூடாகவே போய்விடும்.

ஆனால் நீங்கள் எல்லோரும் பெட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள், ஹாலைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. காலி மண்டபத்தில் டெஸ்ட் பண்ணினால் ஒரு சத்தம், ஜனம் வந்து உட்கார்ந்த பிறகு வேறு சத்தம். கிருஷ்ணகிரியில் வீடு கட்டுகிறவர் தரைக்கு என்ன போட்டிருப்பார் என்று கேட்கவே வேண்டாம்.

மாந்தோப்பு

கிரானைட். மாமா குவாரியில் வேலை பார்க்கிறார், அவர் பேச்சைத் தட்ட முடியவில்லை.

மைக்செட்_மாரி

அப்படியென்றால் எண்பதாயிரத்துக்கு வாங்கினாலும் எட்டு லட்சத்துக்கு வாங்கினாலும் பித்தளைக் குண்டானுக்குள் பாடுகிற மாதிரிதான் கேட்கும். கை தட்டிப் பாருங்க. தட்டின சத்தம் திரும்பி வந்தால் முதலில் கனமான திரைச்சீலையும் ஒரு பெரிய ஜமுக்காளமும் வாங்குங்க. அப்புறம் பெட்டி.

சால்டரிங்_தாத்தா

ஓசூர் தம்பி ஜெனலெக் என்று சொன்னது நல்லதாகப் போயிற்று. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். ஸ்பீக்கருக்குள் ஆம்ப் இருப்பதில் எனக்கு வழக்கு இல்லை, மைக்செட் மாரி சொன்ன மாதிரி அது நல்ல ஏற்பாடு. நான் முன்னால் எழுதியதில் ஆம்பையும் சேர்த்துத் திட்டிவிட்டேன்.

ஆனால் ஸ்டுடியோ ஸ்பீக்கரின் முதுகைப் பாருங்க. அங்கே ஒரு ஒயர் செருகுகிற ஓட்டைதான் பிரதானம். 1978ல் அதில் டேப் செருகினார்கள், அப்புறம் சிடி, இன்றைக்குக் கம்ப்யூட்டர். ஸ்பீக்கருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. ஸ்பீக்கர் முப்பது வருடம் இருக்கும், ஆம்ப் இருபது வருடம் இருக்கும், ஆப் ஐந்து வருடத்தில் கிழடு தட்டிவிடும். நான் கேட்பது, இந்த ஐந்து வருடக்காரனை எதற்கு முப்பது வருடக்காரனோடு பற்றவைக்கணும்? பக்கத்தில் உட்கார வைத்தால் போதாதா?

ஓசூர்_வைஃபை

ஐந்து வருடத்தில் ஆப் சாகும் என்பது மிகை. ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற ஸ்ட்ரீமரை லாஜிடெக் 2012ல் நிறுத்தியது. அதன் சர்வர் மென்பொருள் திறந்த மூலம், அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்பதால் ஆர்வலர்கள் இன்றுவரை உயிரோடு வைத்திருக்கிறார்கள். என் அலுவலக நண்பர் வீட்டில் ஒன்று இன்னமும் பாடுகிறது.

சால்டரிங்_தாத்தா

அது தனிப் பெட்டி தம்பி. ஸ்பீக்கருக்குள் இல்லை. நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள்.

ஓசூர்_வைஃபை

இல்லை, திறந்த மூலத்துக்குச் சாட்சி சொல்கிறேன். மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் தனிப் பெட்டியாக இருந்தாலும் செங்கல்தான். எட்டு வருடம் கழித்து வேறு வாங்கிக்கொள்வேன் என்று தெரிந்தே வாங்குகிறவன் நான். போனை அப்படித்தானே வாங்குகிறோம்?

மூன்றாம்_ஸ்ருதி

போன் பாடாது.

பாலக்கோடு_டீச்சர்

போன் பற்றி ஒரு வார்த்தை. புது ஆட்கள் புளூடூத்தில் போட்டுவிட்டு ஸ்ட்ரீமிங் சத்தம் சப்பென்று இருக்கிறது என்கிறார்கள். இரண்டும் வேறு. புளூடூத்தில் போன்தான் பாட்டை இன்னொரு முறை சுருக்கி அனுப்புகிறது, போன் வந்தால் பாட்டு நின்றுவிடும். ஸ்பாட்டிஃபை கனெக்ட் மாதிரி வழியில் பெட்டியே நெட்டிலிருந்து நேராக எடுக்கும், போன் வெறும் ரிமோட். சிடி தரம் என்பது நொடிக்கு 1411 கிலோபிட். ஆப்பிள் மியூசிக் 2021லிருந்து அந்தத் தரத்தைக் கூடுதல் காசு இல்லாமல் தருகிறது. சிடி அலமாரியைக் காலி செய்த பிறகுதான் எங்கள் வீட்டுக்காரருக்கு இது புரிந்தது, அது வேறு கதை.

கரண்ட் போனால் ரவுட்டரும் இன்வெர்ட்டரில் இருக்கணும். இல்லையென்றால் பெட்டி உயிரோடு இருக்கும், பாட்டு வராது. அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

மாந்தோப்பு

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டணம் போய்ப் பரணில் ஏறினேன். ஸ்பீக்கர் இரண்டையும் இறக்கிவிட்டேன். பாஸுக்கான எட்டு இன்ச் ஊஃபர், விளிம்பில் ரப்பர், கிழியவில்லை. பின்னால் 8 ஓம் என்று அழியாமல் இருக்கிறது. கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர், அந்த டிவீட்டர் ஒன்று மட்டும் பேசவில்லை. அப்பா கையால் "இடது", "வலது" என்று சாக்பீஸில் எழுதியது அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு ஒற்றைப் பெட்டி வாங்க மனசு வரவில்லை.

ஸ்ட்ரீமர் உள்ளேயே இருக்கிற சின்ன ஆம்ப் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். நெட் சிப் போனால் அந்த ஆம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ரிமோட்டில் நாலு பொத்தான் இருக்கிறது டீச்சர், ஒன்று அம்மாவின் சுப்ரபாதத்துக்கு. ஆனால் வீட்டில் ஒரே பிடிவாதம், ஹாலில் ஒரு வயர்கூடக் கண்ணில் படக்கூடாது.

ஓசூர்_வைஃபை

மரப்பெட்டி இரண்டு, ஆம்ப் ஒன்று, வயர் நாலு. டிஎஸ்பி அளவுத் திருத்தமும் கிடையாது. நான் வந்து கேட்டுவிட்டுத்தான் ஒத்துக்கொள்வேன்.

சால்டரிங்_தாத்தா

டிவீட்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்க. ஐந்தாறு ஓம் காட்டினால் டிவீட்டர் உயிரோடு இருக்கிறது, பின்னால் இருக்கிற கண்டென்சர்தான் போயிருக்கும். ஒன்றுமே காட்டாவிட்டால் எடுத்துக்கொண்டு கடைக்கு வாங்க. அதெல்லாம் இருக்கட்டும், டிவி வரப்போகிற சுவரில் பூச்சு முடிந்துவிட்டதா?

மாந்தோப்பு

இல்லை, அந்தச் சுவர் மட்டும் பாக்கி. கொத்தனார் நாளைக்குக் காலையில் வருகிறார்.

சால்டரிங்_தாத்தா

அப்போது இன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவரை வெட்டச் சொல்லுங்க. இடது மூலைக்கு ஒரு பைப், வலது மூலைக்கு ஒரு பைப். மெயின் லைன் போகிற பைப்பில் ஸ்பீக்கர் வயரைச் சேர்த்து விடாதீங்க, தனியாகவே போகட்டும்.

ஓசூர்_வைஃபை

ரவுட்டர் இருக்கிற இடத்திலிருந்து டிவி சுவர் வரைக்கும் ஒரு லேன் கேபிளும் இழுத்துவிடுங்கள். நாளைக்கு நீங்கள் மனசு மாறி ஒற்றைப் பெட்டி வாங்கினாலும் அது உதவும்.

மாந்தோப்பு

எலக்ட்ரீஷியனிடம் பேசிவிட்டேன், நாலு மணிக்கு வருகிறார். பைப் முக்கால் இன்ச் போதுமா, ஒரு இன்ச்சா?

சால்டரிங்_தாத்தா

ஒரு இன்ச்.