ரூபர்ட் முர்டாக்: அப்பா விட்டுச்சென்றதா, அவரே கட்டியதா?

இதழியல் மாணவி:
ஆஸ்திரேலியாவில் பிறந்த ஊடக முதலாளி ரூபர்ட் முர்டாக் பற்றிக் கருத்தரங்கக் கட்டுரை எழுதுகிறேன். அப்பாவின் பத்திரிகைச் சொத்தால்தான் வளர்ந்தார் என்று வகுப்பில் சொன்னார்கள். சரிதானா? அவர் வாழ்க்கையில் எந்தக் கட்டத்தை விரித்து எழுதலாம்?

முன்னாள் கம்பாசிட்டர்:
பாதிதான் சரி அம்மா. அப்பா கீத் முர்டாக் மெல்போர்னில் பெரிய பத்திரிகைக் குழுமத்தை நடத்தினார். ஆனால் அது அவருக்குச் சொந்தமில்லை. 1952இல் அவர் இறந்தபோது கடனும் வரியும் போக முக்கியமாக மிஞ்சியது அடிலெய்டின் 'தி நியூஸ்' மாலைப் பத்திரிகை. மகனுக்கு வயது 21. அப்பா தலைமை வகித்த அதே குழுமத்தை 1987இல் விலைக்கு வாங்கினார்!

நீங்கள் விரித்து எழுத வேண்டியது, லண்டனின் வாப்பிங் பகுதியில் முர்டாக்கின் பத்திரிகைகளில் நடந்த அச்சுத் தொழிலாளர் போராட்டம். ஈய எழுத்துகளை ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் கோத்த கம்பாசிட்டர் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் தொழிலின் முடிவு அங்கே எழுதப்பட்டது. லண்டனில் புதிய மாலைப் பத்திரிகை வரப்போகிறது என்று சொல்லி, வாப்பிங் ஆலையில் கணினிகளை நிறுவினார்கள். செய்தியாளர் தட்டச்சு செய்தாலே பக்கம் தயார். நடுவில் கம்பாசிட்டருக்கு வேலையே இல்லை. 1986 ஜனவரியில் அச்சுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியதும் முர்டாக் சுமார் 5,500 பேரை நீக்கினார். பத்திரிகைக் கட்டுகள் ரயிலை விட்டு லாரியில் போயின. ஒரு நாள்கூட அச்சு நிற்கக் கூடாது என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிட்டிருந்தார்கள்.

வங்கி ஊழியர்:
1990ஐயும் பாருங்கள். பிரிட்டனில் அவர் நடத்திய ஸ்கை செயற்கைக்கோள் தொலைக்காட்சி பணத்தை விழுங்கியது. மொத்தக் கடன் சுமார் 760 கோடி டாலர். பிட்ஸ்பர்க்கில் ஒரு சிறிய வங்கி தன் 1 கோடி டாலரைத் திருப்பிக் கேட்டு அடம்பிடித்ததில் குழுமமே கவிழ இருந்தது. இவ்வளவு பெரிய மனிதர் அத்தனை சிறிய தொகையில் சிக்கியதுதான் எனக்கு வியப்பு. பிழைத்தவர் 1993இல் ஹாங்காங்கின் ஸ்டார் டிவியை வாங்கினார். விஜய் டிவி பின்னாளில் ஸ்டார் குழுமத்துக்குள் வந்தது அந்த வழியில்தான்.

இதழியல் மாணவி:
நன்றி ஐயா. தொழிற்சங்கங்கள் புதிய தொழில்நுட்பத்தைத் தடுத்ததால்தான் வாப்பிங் நடந்தது என்கிறார்களே?

முன்னாள் கம்பாசிட்டர்:
தடுத்தன, மறுக்கவில்லை. சங்கங்களுடனான தகராறில் 1978-79இல் லண்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழ் ஏறக்குறைய ஓராண்டு வெளிவரவில்லை. அப்போது அது முர்டாக்கிடம்கூட இல்லை. கணினி எப்படியும் வந்திருக்கும். நான் மன்னிக்காதது வேறு. வேலைநிறுத்தத்தில் இருந்தபோது நீக்கியதால் பணிநீக்க இழப்பீட்டு உரிமையும் போயிற்று. முப்பது வருடம் உழைத்தவருக்கும் அதே கடிதம். ஓராண்டுப் போராட்டம் 1987 பிப்ரவரியில் ஓய்ந்தபோது ஒரு தொகை கிடைத்தது, வேலை திரும்பவில்லை. அவர்கள் பக்கத்தையும் தேடிப் படித்துவிட்டு எழுதுங்கள், அம்மா.