சிராங்கூன் ரோட்டில் டிராம்: 1927இல் எடுத்தது சரியா, மறுபடி போடலாமா?

தண்டவாளம்65:
இன்றைக்குச் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நடக்கிற பலருக்கு, காலுக்குக் கீழே ஒரு காலத்தில் தண்டவாளம் கிடந்தது தெரியாது. 1905 ஜூலை 25 அன்று சிங்கப்பூரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. அதன் தடங்களில் சிராங்கூன் ரோடும் ஒன்று. மீட்டர் அகலப் பாதை, தலைக்கு மேல் ஒற்றைக் கம்பி. மின்சாரத்துக்கு மெக்கென்ஸி ரோட்டில் கம்பெனியே சொந்தமாக நிலையம் கட்டியது. 1906இல் ராஃபிள்ஸ் பிளேஸ், நார்த் பிரிட்ஜ் ரோடு, போட் கீ பகுதிகளில் தெருவிளக்கு எரிந்ததும் அந்த டிராம் கம்பெனி நகராண்மைக்கு விற்ற மின்சாரத்தில்தான்.

1927இல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அது அவசர முடிவு என்பது என் கட்சி. இப்போது சிராங்கூன் ரோடு ஒருவழி, ஜாலான் புசார் எதிர்த்திசையில் ஒருவழி. இரண்டையும் சேர்த்து ஒற்றைப் பாதை வளையமாகத் தாழ்தள டிராம் விட்டால் என்ன குறை? மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

கொம்புவண்டி:
காரணம் கேட்டீங்க, சொல்றேன். அதுக்கு 1886க்குப் போகணும். அந்த வருஷம் மே மாசம் நீராவி டிராம் தஞ்சோங் பகாரிலிருந்து ஓட ஆரம்பிச்சது; 1894லேயே மூடியாச்சு. ஏன்? 1880ல் ஷாங்ஹாயிலிருந்து வந்த ரிக்‌ஷா. டிராம் போட்ட இடத்தில்தான் போகும், நிற்கிற இடத்தில்தான் நிற்கும். ரிக்‌ஷா வீட்டு வாசல்வரை வரும், கூலியும் பேரம் பேசலாம். மின் டிராம் வந்த பிறகும் அதே கதை. அப்புறம் 1920களில் ஏழு பேர் உட்கார்ற குட்டி பஸ், ‘கொசு பஸ்’னு பேர். டிராமுக்கு ஒரு நிமிஷம் முன்னால் போய் நிறுத்தத்தில் நிற்கிறவங்களை அள்ளிக்கிட்டுப் போயிடும். டிராம் அதை முந்த முடியுமா?

20 வருஷத்துக்கு மேல் ஓடித் தேய்ந்த பாதை. ஒண்ணு முழுசா மாத்தணும், இல்ல கைவிடணும். 1925ல் வந்த சிங்கப்பூர் டிராக்‌ஷன் கம்பெனி கைவிட்டுச்சு. 1926 ஆகஸ்ட் 14ல் டிராலிபஸ் இறங்குச்சு. அதுதான் அன்றைய நவீனமயம். நீங்க அதை அவசர முடிவுன்னு எழுதுறீங்க.

வெற்றிலைக்கடை:
டிராலிபஸ் என்றால் கம்பியில் ஓடும் பஸ்தானே? டிராமுக்கு ஒரு கம்பி போதும் என்றால் இதற்கு ஏன் இரண்டு?

கொம்புவண்டி:
ஆமா. டிராமில் மின்சாரம் மேல் கம்பி வழியா இறங்கி, மோட்டாரைச் சுத்தி, இரும்புச் சக்கரம் வழியா தண்டவாளத்தில் திரும்பிப் போகும். பஸ்ஸுக்கு ரப்பர் டயர், தரை வழியா திரும்ப வழியில்லை. அதனால் கூரையில் மின்சாரம் எடுக்க இரண்டு கொம்பு, அதாவது நீளக் கழி; மேலே இரண்டு கம்பி.

இதில் ஒரு பெரிய நன்மை இருக்கு. தண்டவாளம் வழியா திரும்புற மின்சாரம் முழுசா தண்டவாளத்திலேயே போகாது. இணைப்பு கெட்ட இடத்தில் மண்ணுக்குள் இறங்கி, பக்கத்தில் ஓடுற தண்ணிக் குழாயைப் பிடிச்சுக்கும். மின்நிலையத்துக்குப் பக்கத்தில் குழாயை விட்டு வெளியேறும்போது இரும்பையும் அரிச்சுக்கிட்டுப் போகும். அதனால்தான் பிரிட்டிஷ் விதியில் திரும்பு தண்டவாளத்தில் 7 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் கூடாதுன்னு கட்டுப்பாடு. டிராலிபஸ்ஸில் அந்தத் தொல்லையே இல்லை. கம்பியிலிருந்து ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 15 அடி விலகியும் ஓட்டலாம். மாட்டுவண்டி குறுக்கே நின்னா சுத்திப் போயிடலாம். டிராம் மணி அடிச்சுக்கிட்டே நிக்கணும்.

தண்டவாளம்65:
அண்ணே, கொம்பு கழன்று விழுவதை மட்டும் விட்டுவிட்டீர்களே. சந்திப்பில் நேர்க்கம்பியும் எதிர்க்கம்பியும் குறுக்கே வெட்டும் இடத்தில் மின்தடுப்புத் துண்டு வைக்க வேண்டும். அந்த இடத்தை வண்டி மின்சாரமில்லாமல் உருண்டு கடக்க வேண்டும். வேகம் கூடினால் கொம்பு துள்ளும், குறைந்தால் நடுவிலேயே நின்றுவிடும். அப்புறம் நடத்துநர் மூங்கில் கழியோடு இறங்க வேண்டியதுதான். அந்த டிராலிபஸ்ஸும் 1962 டிசம்பர் 15இல் முடிந்தது.

நான் சொல்வது வேறு. டிராம் தோற்றது தொழில்நுட்பத்தால் அல்ல, கணக்கெழுதிய விதத்தால். 1870 பிரிட்டிஷ் டிராம்வே சட்டப்படி இரு தண்டவாளங்களுக்கு நடுவிலும் வெளிப்புறம் 18 அங்குலமும் உள்ள சாலையைக் கம்பெனிதான் செப்பனிட வேண்டும். ரிக்‌ஷாவும் பஸ்ஸும் அதே சாலையில் தேய்மானச் செலவில்லாமல் ஓடும்.

கல்லாப்பெட்டி:
அது பிரிட்டனின் சட்டம். சிங்கப்பூருக்குத் தனிச் சட்டம். அங்குள்ள பிரிவை அப்படியே தூக்கி இங்கே வைக்க வேண்டாம். பாதைக்கும் வண்டிக்கும் மின்நிலையத்துக்கும் ஒரே கம்பெனி முதல் போட்டது என்ற அளவில் உங்கள் வாதம் நிற்கும்.

இனி உங்கள் வளையத்துக்கு வருவோம். தண்டவாளம் மலிவு, வண்டியும் விலைக்குக் கிடைக்கும். பணத்தை விழுங்குவது தரைக்கு அடியில் இருப்பது. டிராமுக்குக் கீழே கான்கிரீட் பலகை போட வேண்டும். நாளைக்கு அதன் கீழே தண்ணீர்க் குழாய் வெடித்தால் பஸ்ஸை அடுத்த தெருவில் திருப்பிவிடலாம். டிராமைத் திருப்ப முடியாது. அதனால் தடத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீர், எரிவாயு, கழிவுநீர், மின்வடம், தொலைபேசி வடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே வெளியே நகர்த்த வேண்டும். மேன்ஹோல் ஒன்றுகூட வண்டியின் நிழல் விழும் அகலத்துக்குள் இருக்கக்கூடாது. பழைய தெருவில் வரைபடத்தில் இருக்கும் குழாய் ஓரிடம், மண்ணில் இருப்பது வேறிடம்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவைப் பாருங்கள். சுமார் 14 கி.மீ. பாதை, 2014 மே 31இல் திறந்தார்கள், செலவு 776 மில்லியன் பவுண்டு. திட்டம் தடுமாறிய பெரிய இடங்களில் ஒன்று இந்தக் குழாய் நகர்த்தல். சிராங்கூன் ரோட்டுக்கு அடியில் வடகிழக்கு எம்ஆர்டி (நகர ரயில்) பாதையே 2003 முதல் ஓடுகிறது. லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க், பூன் கெங் என்று நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. அதற்கு மேலே எதற்கு இன்னொரு தண்டவாளம்?

தண்டவாளம்65:
எம்ஆர்டி நிலையத்துக்கு நிலையம் தாண்டுவதற்கு. முஸ்தஃபா கடையில் பை நிறைய வாங்கிய பாட்டி, இறங்கி ஏறி, நடந்து, மறுபடி ஏறித் தேக்கா சந்தைக்குப் போக மாட்டார். 400 மீட்டருக்கு ஒரு நிறுத்தம், நடைபாதை மட்டத்திலேயே 35 செ.மீ. உயரத் தளம், சக்கர நாற்காலி நேராக உள்ளே.

கல்லாப்பெட்டி:
தாழ்தள பஸ்ஸும் அதைச் செய்கிறது. எண்ணிக்கை போடுவோம். 32 மீட்டர் டிராமில் சுமார் 200 பேர். 5 நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 2,400 பேர். இரட்டைமாடி பஸ்ஸில் 130 பேர் என்று வைத்து 3 நிமிடத்துக்கு ஒன்று விட்டால் 2,600. ஒரு மீட்டர்கூடத் தோண்டாமல்.

தண்டவாளம்65:
டிராமையும் 3 நிமிடத்துக்கு ஒன்று விட்டால் 4,000. பஸ்ஸுக்கு மட்டும் ஏன் 3, டிராமுக்கு 5? இந்தக் கணக்கைக் கல்லாவில் போடாதீர்கள்.

பாஞ்சாங் வளைவு:
குறுக்கே வருகிறேன். டிராம் இப்போது நம்மிடம் இல்லை, ஆனால் வளைந்து நெளிந்து வீட்டு ஜன்னலை ஒட்டிப் போகும் சிறு ரயில் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி, 1999 நவம்பர் 6இல் திறந்தது, 7.6 கி.மீ. வீட்டுக்கு அருகே போகும்போது ஜன்னல் தானாகப் பனி படர்ந்ததுபோல் மங்கிவிடும். நவீனமயம் என்றால் உண்மையில் என்ன வேலை என்பதை அங்கே பார்க்கலாம்.

அது ரப்பர் டயரில் ஓடுகிறது, நடுவில் ஒரு வழிகாட்டி உத்திரம். 600 வோல்ட் மும்முனை மாற்று மின்சாரம் பக்கத்திலுள்ள மின்தண்டவாளத்திலிருந்து வருகிறது. வண்டியின் அடியிலுள்ள ‘ஷூ’ அதை உரசிக்கொண்டே எடுக்கும். மேடும் கூரிய வளைவும் சேர்ந்த இடத்தில் வண்டி ஆடினால் ஷூ தேயும், சில நேரம் விலகும். நடு வழியில் வண்டி நின்றால் பின்னால் வருபவை எல்லாம் நிற்க வேண்டியதுதான்.

பழைய சிக்னல் நிலைத்த பகுதி முறை. பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் வண்டியின் வால் மட்டும் இருந்தாலும் துண்டு முழுவதும் அடைபட்டதாகக் கணக்கு. புதிய முறையில் வண்டி தன் இடத்தை ரேடியோவில் தொடர்ந்து சொல்லும். அதற்கேற்பப் பின்வண்டி நெருங்கி வரும். 2018 மார்ச்சில் 344 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) ஒப்பந்தம் பம்பார்டியர் கம்பெனிக்குப் போனது. முதல் தலைமுறைப் பெட்டிகள் 19ஐ மாற்றுவது, இரண்டாம் தலைமுறைப் பெட்டிகள் 13ஐத் திருத்துவது, சிக்னல், மின்வழங்கல் எல்லாம் அதில் அடக்கம். பம்பார்டியரின் ரயில் தொழில் 2021இல் ஆல்ஸ்டமிடம் போனது. புதிய பெட்டிகள் 2024இல் பயணிகளை ஏற்றத் தொடங்கின.

கஷ்டம் எங்கே? கடைசி வண்டிக்கும் முதல் வண்டிக்கும் இடையே கிடைப்பது சில மணி நேரம். அதில் மின்சாரத்தை அணைத்து, தரையிணைப்பு மாட்டி, ஆள் மேலே ஏறி, வேலை முடித்து, கருவிகளை எண்ணிப் பார்த்து, மறுபடி மின்சாரம் கொடுத்து, ஒரு வண்டியை வெறுமனே ஓட்டிப் பார்க்க வேண்டும். கையில் நிற்கும் உண்மையான வேலை நேரம் அதில் பாதிதான். சிக்னலைச் சோதிக்கும் இரவில் புதியதை இயக்கி, விடிவதற்குள் பழையதற்குத் திரும்ப வேண்டும். மாற்றும்போது ஒரு அமைப்பு தவறான நிலையில் விடப்பட்டால் காலை 6 மணிக்கு ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

தண்டவாளம்65:
நீங்கள் எனக்கே சாட்சி சொல்லிவிட்டீர்கள். நடு உத்திரமும் அந்த மின்தண்டவாளமும் ஒரு தயாரிப்பாளரின் சொந்த வடிவம். மூலப் பெட்டியைச் செய்த கம்பெனியை வாங்கியவரிடமே ஏறக்குறைய 20 வருஷம் கழித்தும் போக வேண்டியிருந்தது. டிராம் என்றால் 1,435 மி.மீ. அகலம், 750 வோல்ட் நேர் மின்சாரம், காடி (சக்கர விளிம்பு ஓடும் பள்ளம்) வெட்டிய தண்டவாளம், எல்லாம் பொது அளவு. தைவானின் கௌஷியோங்கில் டிராமின் முதல் கட்டத்துக்குக் காஃப் கம்பெனி வண்டி, அடுத்த கட்டத்துக்கு ஆல்ஸ்டம், இரண்டும் ஒரே வளையத்தில்.

பாஞ்சாங் வளைவு:
அது நியாயமான வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆகாயப் பாதையில் குறுக்கே லாரி வராது. ஈரத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் 40 கி.மீ. வேகத்தில் சாதாரண பிரேக்குக்கு சுமார் 50 மீட்டர் உருளும். மணல் தூவி, காந்தப் பிரேக் இறக்கினால் 25 மீட்டர். அப்போது நிற்கிற பயணி விழுவார். அதனால் நெரிசல் தெருவில் 20, 25க்கு மேல் ஓட்ட முடியாது.

வெற்றிலைக்கடை:
தைப்பூசம்? பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரைக்கும் காவடி போகிற ரோடு இது. மேலே கம்பி. மயிலிறகு வைத்த காவடி உயரம் என்ன, கம்பி உயரம் என்ன? தீபாவளி அலங்கார வளைவு எங்கே கட்டுவது?

கொம்புவண்டி:
நல்ல கேள்வி. சாலையில் கம்பி சாதாரணமா 5.5, 6 மீட்டர் உயரத்தில் இருக்கும். தட்டுறது அபூர்வம்தான், ஆனால் மின்சாரம் தொட்டால்தான் ஆபத்துன்னு இல்லை, நெருங்கினாலே ஆபத்து. அன்னைக்கு அந்தப் பகுதியைத் துண்டிச்சு தரையிணைப்பு போட்டே ஆகணும். அப்போ டிராம் கிடையாது. மாற்று பஸ் விடணும். வருஷத்துல எத்தனை நாள் அந்த ரோடு மூடுது, எண்ணிப் பாருங்க.

தண்டவாளம்65:
கம்பியே வேண்டாம். பிரான்ஸின் பொர்தோவில் 2003 முதல் தரை வழி மின்சாரம்: தண்டவாளங்களுக்கு நடுவே 8 மீட்டர் மின்துண்டு, 3 மீட்டர் தடுப்புத்துண்டு. வண்டி மேலே இருக்கும்போது மட்டும் மின்சாரம் வரும். அதுவும் வேண்டாமென்றால் கௌஷியோங் போல மின்தேக்கி. நிறுத்தத்தில் ஆள் ஏறி இறங்கும் அரை நிமிடத்துக்குள் ஏற்றிக்கொள்ளும்.

பாஞ்சாங் வளைவு:
பொர்தோவில் தொடக்க வருஷங்களில் அந்த மின்துண்டுகளை இயக்கும் தரைப்பெட்டிகளுக்குள் தண்ணீர் புகுந்துதான் வண்டிகள் நின்றன. நம் மதிய மழையை நினைத்துப் பாருங்கள். மின்தேக்கிக்கு வேறு சிக்கல்: அதில் இருப்பது அடுத்த நிறுத்தம் வரை போகும் அளவும் கொஞ்சம் கையிருப்பும்தான். கௌஷியோங்கில் பெரும்பாலும் தனிப்பாதை, நடுவில் நிற்க வேண்டியதில்லை. சிராங்கூன் ரோட்டில் மாலைக்கடை வாசலில் பூ மூட்டை இறக்கும் வேன் பின்னால் பத்து நிமிடம் நின்றால், குளிர்சாதனமே ஏற்றியதைக் குடித்துவிடும். பிறகு இழுவை வண்டிதான்.

பூ என்றதும் இன்னொன்று. காடி ஏறக்குறைய 4 செ.மீ. அகலம். பூநார், வாழையிலைத் துண்டு, மணல் எல்லாம் அதில்தான் அடையும். உறிஞ்சி எடுக்கும் வண்டி அடிக்கடி வராவிட்டால் தடம் மாற்றும் ‘பாயிண்ட்’ நாக்கு முழுதாக ஒட்டாது, சக்கரம் இரண்டு பக்கமும் பிரிந்து தடம் புரளும். ஒவ்வொரு பாயிண்ட் பெட்டிக்கும் தனி வடிகால் வேண்டும். உணவு கொண்டுபோகும் சைக்கிள்காரரின் டயரும் அதே காடிக்குள் கச்சிதமாக இறங்கும். அவர் 60 பாகைக்குக் குறையாமல் குறுக்கே வெட்டினால்தான் தப்புவார். ரப்பர் அடைப்பு வைக்கலாம், டிராம் சக்கர விளிம்பே அதைச் சீக்கிரம் மென்று போட்டுவிடும்.

கல்லாப்பெட்டி:
வளையம் வலப்பக்கமாகவே திரும்புகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடப்பக்கச் சக்கர விளிம்பு மட்டும் தேயும். ஒன்று வண்டியை அவ்வப்போது திருப்பிவிட வேண்டும், இல்லை சக்கரத்தை அடிக்கடி கடைசலுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பணிமனைக்கு நிலம் எங்கே? தேக்காவிலா?

என் யோசனை மலிவானது. ஆறு மாதம் இரண்டு தெருவிலும் ஒரு தடத்தை நாள் முழுவதும் பஸ்ஸுக்கு மட்டும் விடுங்கள். சரக்கு இறக்குவதை விடிகாலைக்கும் பின்சந்துக்கும் தள்ளுங்கள். அந்தத் தடம் காலியாக நின்றால் டிராமைப் பேசலாம். நிற்கவில்லை என்றால், விலக முடியாத வண்டியை அங்கே விடுவதில் அர்த்தமில்லை.

தண்டவாளம்65:
சோதனைக்குச் சம்மதம். ஒரு நிபந்தனை: அந்த ஆறு மாதத்திலேயே தரையூடுருவி ரேடாரும் சோதனைக் குழிகளும் போட்டுக் குழாய்கள் இருக்கும் இடத்தைக் குறித்துவிட வேண்டும். பஸ் தடம் வெற்றி பெற்றபின் ‘கீழே என்ன இருக்கிறதோ’ என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கக்கூடாது.

கொம்புவண்டி:
குழி தோண்டுறப்ப ஜாலான் புசாரை விட்டுடாதீங்க. இன்னும் ஒரு கேள்வி: அந்தப் பஸ் தடத்திலேயே இரண்டு கம்பி கட்டினா, மின்கலமும் உள்ள டிராலிபஸ் காவடி நாளில் கொம்பை இறக்கிட்டு ஓடுமே. அதை யாரும் இதுவரை மறுக்கல.

கல்லாப்பெட்டி:
மின்கல பஸ் ஏற்கெனவே ஓடும் ஊரில் அந்தக் கம்பிக்கு யார் பணம் கட்டுவது?