டிரைவர், ஃபர்ம்வேர் பைட் வரிசை: கார்டே திருப்பட்டுமா, கோடில் திருப்பலாமா?

இணைப்பான்: லினக்ஸில் ஒரு பிசிஐஇ நெட்வொர்க் கார்டு டிரைவர். ஃபர்ம்வேரின் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) டிஸ்கிரிப்டர்கள் (கார்டும் டிரைவரும் மெமரி வழியே பரிமாறும் தகவல் கட்டங்கள்) லிட்டில் எண்டியன், அதாவது சிறிய மதிப்புள்ள பைட் முதலில். ஐபிஎம் மெயின்ஃப்ரேமான எஸ்390 போன்ற பிக் எண்டியன் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்) ஹோஸ்டிலும் ஓட வேண்டும். கார்டில் டிஎம்ஏவுக்கு (கார்டே நேரடியாக மெமரியைப் படித்து எழுதுவது) 32 பிட் ஸ்வாப், அதாவது நான்கு நான்கு பைட்டாகத் திருப்பும் வசதி உண்டு. அதை ஆன் செய்தால் போதும் என்பது என் கட்சி. ஃபீல்டுக்கு ஃபீல்டு மாற்று ஃபங்ஷன் போடுவது வெட்டி வேலை.

கீழ்பைட்: அந்த ஸ்வாப்புக்கு 32 பிட் மட்டும்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. 16 பிட் நீளம் 1024, அடுத்து 16 பிட் கொடி 1 என்று வையுங்கள். மெமரியில் வர வேண்டியது 00 04 01 00. ஸ்வாப் ஆனால் 00 01 04 00. பிக் எண்டியன் ஹோஸ்ட் அதை நீளம் 1, கொடி 1024 என்று படிக்கும். 02:11:22:33 என்று தொடங்கும் மேக் முகவரி 33:22:11:02 ஆகிவிடும்.

இணைப்பான்: பிக் எண்டியனுக்கு மட்டும் இஃப்டெஃப் (கம்பைல் நேர நிபந்தனை) போட்டு ஃபீல்டு வரிசையை மாற்றலாமே. ஐபி ஹெடரில் கெர்னலே அதைத்தானே செய்கிறது?

கீழ்பைட்: அங்கே ஒரே பைட்டுக்குள் இரண்டு பிட்ஃபீல்டு, அவ்வளவுதான். உங்கள் வழியில் ஒவ்வொரு ஸ்ட்ரக்டுக்கும் இரண்டு பதிப்பு. ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்பது நிச்சயம். ஃபீல்டை யு32 (வெறும் 32 பிட் எண்) என்று எழுதாமல் எல்இ32 (லிட்டில் எண்டியன் என்று குறித்த 32 பிட் எண்) என்று எழுதுங்கள், படிக்கும் இடத்தில் சிபியு வரிசைக்கு மாற்றும் எல்இ32_டு_சிபியு போடுங்கள். லிட்டில் எண்டியனில் அது எதுவும் செய்யாமல் கரைந்துபோகும். ஸ்டேட்டஸ் பிட்டைச் சோதிக்கும்போது மாறிலியைத் திருப்புங்கள், கம்பைலிலேயே முடிந்துவிடும். மேக் முகவரி வெறும் பைட் அரே, தொடவே வேண்டாம்.

இணைப்பான்: ஓரிடத்தில் விட்டுப்போனால் லிட்டில் எண்டியனான எக்ஸ்86ல் தெரியவே தெரியாதே?

கீழ்பைட்: ஸ்பார்ஸ் (கெர்னல் கோடைச் சோதிக்கும் கருவி) சொல்லும். மேக் (make) கட்டளையில் சி=2 கொடுங்கள்; சி=1 என்றால் புதிதாகக் கம்பைல் ஆகும் ஃபைல்களை மட்டும்தான் பார்க்கும். எல்இ32ஐ அப்படியே கூட்டினாலும் பெரிது சிறிது பார்த்தாலும் எச்சரிக்கை வரும். ஃபோர்ஸ் காஸ்ட் (வகையை வலுக்கட்டாயமாக மாற்றுவது) போட்டு அதன் வாயை அடைக்காதீர்கள்.

டோர்பெல்: ஸ்பார்ஸுக்கும் கண்ணில் படாத இடம் உண்டு. ஃபர்ம்வேர் ஃபைலின் யு8 பாயின்டரை யு32 பாயின்டராக காஸ்ட் செய்து ரைட்எல்லில் (கார்டுக்கு 32 பிட் எழுதும் ஃபங்ஷன்) தள்ளினால் அது வாயே திறக்காது. ரைட்எல் தானே லிட்டில் எண்டியனாக்கி எழுதும். ஆகவே பிக் எண்டியனில் ஃபர்ம்வேர் தலைகீழாக இறங்கும். எல்இ32 பாயின்டராக வைத்து, சிபியு வரிசைக்கு மாற்றிய பிறகு எழுத வேண்டும். ரெஜிஸ்டருக்கு நேர்மாறு: ரைட்எல்லுக்குள் சிபியு_டு_எல்இ32 போட்டால் இரட்டைத் திருப்பு, 1 என்பது 16777216 ஆகப் போய்ச் சேரும்.

இணைப்பான்: கமாண்ட் மெயில்பாக்ஸுக்கு (கார்டுக்குக் கட்டளை அனுப்பும் இடம்) ஒப்புக்கொள்கிறேன். ரிங் டிஸ்கிரிப்டரில் (பாக்கெட் பஃபர்களைக் காட்டும் சுழல் வரிசையின் கட்டம்) 16 பிட் ஃபீல்டே கிடையாது. அங்கே மட்டும் ஸ்வாப் இருக்கட்டுமே?

கீழ்பைட்: பஃபர் முகவரி 64 பிட்தானே? மேல் பாதியும் கீழ் பாதியும் இடம் மாறும். கார்டு வேறெங்கோ போய் எழுதும்.