கலைச்சொல் முன்மொழிவு: மூச்சிருப்பு, மூச்சடைப்பு

அனைவருக்கும் வணக்கம்.

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் மேசைப் பாத்திர விளையாட்டுகளின் சண்டை விதிகளைத் தமிழாக்கும்போது நீரில் மூழ்குவதையும் மூச்சு அடைபடுவதையும் ஒரே தலைப்பில் சேர்த்துவிடுகிறோம். இவை வேறுவேறு விதிகள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில், நீந்தும் வேகம் இல்லாத பாத்திரம் நீருக்கடியில் நீள்வாளை வீசினால் பாதகத்தோடு, அதாவது இரண்டு பகடைகளில் குறைந்த எண்ணையே கொள்ளும்படி, உருட்ட வேண்டும். குத்துவாளுக்கும் ஈட்டிக்கும் அந்தப் பாதகம் கிடையாது. மூச்சுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. நீரிலேயே மூச்சுவிடும் உயிரிக்கு நீரால் மூச்சு அடைபடாது. கழுத்து நெரிபடும் வீரனுக்கோ நீரே தேவையில்லை. ஆகவே ‘நீர்மூழ்கல்’ என்பதை முதல் விதிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, புகை, மணல், கழுத்து நெரிப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவான சொற்களைத் தனியே ஆக்க வேண்டும்.

சண்டையின் நடுவே ஆட்டக்காரர் கேட்பது, “எனக்கு இன்னும் எவ்வளவு மூச்சு இருக்கிறது?” என்பதுதான். எஞ்சியிருக்கும் அந்த அளவையே ‘மூச்சிருப்பு’ என்று சொல்லலாம். முன்பு பரிந்துரைக்கப்பட்ட ‘காற்றளவு’ அறையிலுள்ள காற்றையும் குறிக்கக்கூடும். ‘தம்’ பேச்சுக்கு அழகுதான். ஆனால் ‘தம் தீர்ந்தது’ என்று விதிநூலில் அச்சிட்டால் புகைப்பழக்கத்தைப் பற்றியது என்றே படிப்பார்கள்.

இருப்பு என்றாலே கழித்துக்கொண்டு போவதற்கு வசதி. பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டின் இரண்டாம் பதிப்பில் மூச்சிருப்பு, 5 உடன் உடலுறுதித் திருத்தத்தை (பாத்திரத்தின் உடல்வலுவைக் காட்டும் எண்ணை) கூட்டிய அத்தனை சுற்றுகள். திருத்தம் +2 எனில் 7 சுற்றுகள். சுற்றில் தனக்கு ஆட வரும் ஒவ்வொரு முறையின் முடிவிலும் ஒன்று கழியும். அந்த முறையில் தாக்கியிருந்தால் இரண்டு கழியும். பேசினால் முழுவதும் போய்விடும். விடாமல் தாக்குபவருக்கு நான்காம் முறையின் முடிவில் இருப்புத் தீர்ந்துவிடும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் அதே திருத்தத்துக்கு 3 நிமிடம், அதாவது 6 வினாடிச் சுற்றுகளாக 30. பெரும்பாலான சண்டைகள் அதற்கு வெகுமுன்பே முடிந்துவிடுவதால் இந்தச் சொல் அங்கே ஏட்டளவில் நின்றுவிடக்கூடும்.

மூச்சிருப்புத் தீர்ந்தபின் வரும் நிலைக்கு ‘மூச்சுத்திணறல்’ பொருந்தாது. திணறுபவர் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ‘மூச்சற்ற நிலை’ என்று எழுதினாலோ, செத்தவருக்கு வைத்தியம் எதற்கு என்று மருத்துவப் பாத்திரம் விலகிப்போய்விடும். ‘மூச்சடைப்பு’ என்பதே என் தேர்வு. “மூச்சடைப்பில் உள்ள பாத்திரம் தன் ஒவ்வொரு முறையின் முடிவிலும் ஒரு களைப்பு நிலையை அடையும்” என்று டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2024 திருத்தப் பதிப்பு விதியை எழுதிப் பார்த்தேன், இடறல் ஏதுமில்லை.

அதே விளையாட்டின் 2014 பதிப்பில் மட்டும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. அதன்படி, மூச்சிருப்புத் தீர்ந்த பாத்திரம் உயிர்ப்புள்ளி பூச்சியமாகி விழுவதற்கு முன் உடலுறுதித் திருத்தத்தின் அளவுக்கு, குறைந்தது ஒரு சுற்றாவது, தாக்குப்பிடிக்கும். அந்த இடைவெளியைத் ‘தவணைச் சுற்று’ என்று தற்காலிகமாகக் குறித்திருக்கிறேன். கடன் வாடை அடிக்காத சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.